பாதாரவிந்தம் எங்கே?

தாராவி, மும்பை.
மார்கழி 20.

அன்பும் மரியாதையும் மிக்க அண்ணாச்சி அவர்களுக்கு, தங்கள் சிஷ்யன் வணக்கத்துடன் எழுதும் கடிதம்.

இங்கே நானும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் மூன்று காமிராக்களும் க்ஷேமம். அங்கே தாங்களும் மதினியும், ஸ்டூடியோவின் பின்சுவரில் இத்தனை வருஷமாகத் தொங்கிக்கொண்டு, யமுனை நதி இருக்கவேண்டிய இடத்தில் பூஞ்சை படர்ந்துவிட்ட அந்தத் தாஜ்மகால் திரையும் க்ஷேமமாயிருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. சென்ற ஐப்பசியில் செம்பூரில் நடைபெற்ற தங்கள் மைத்துனர் மகளின் கலியாண ஆல்பத்தைத் தாங்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை புரட்டிவிட்டு, "படமெல்லாம் பளிச்சுன்னுதான் இருக்கு; ஆனா ஒருத்தருக்காவது காலைக் காணுமே, மும்பையில செருப்போட காலையும் கழத்தி வாசல்ல வச்சிட்டுத்தான் மண்டபத்துக்குள்ள போவாங்களோ?" என்று வினவியதாக என் தங்கை தொலைபேசியில் சொன்னாள். இந்த ஆக்ஷேபத்துக்குத் தொலைபேசியிலேயே சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்களுக்குக் காது மந்தம், என் வீட்டுச் சுவரோ மெல்லிசு. தங்களுக்கு எட்டும்படி நான் பேசினால் அதற்குமுன் தொண்ணூறு அடி ரோடு முழுவதற்கும் எட்டிவிடும். மேலும் இது மார்கழி, நமக்கு முகூர்த்தமில்லை, வடக்கத்தியார் கர்மாஸ் என்றும் குஜராத்தியர் கமுர்தா என்றும் பெயரிட்டு இதே மாதத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகையால், சகல ஜாதிக் கலியாணங்களும் ஏககாலத்தில் ஓய்ந்திருக்கும் இந்தப் புண்ணிய காலத்தில் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

தங்களிடம் நான் தொழில் கற்க வந்த 1986ஆம் வருஷத்தில் தாங்கள் உபதேசித்த முதல் மந்திரமும் கடைசி மந்திரமும் ஒன்றுதான்: "பின்னால போ, இன்னும் பின்னால போ." முகத்தில் நிழல் விழுந்தால் மாப்பிள்ளை கோபிப்பான், கண் மூடிவிட்டால் பெண் வருந்துவாள், ஆனால் காலை வெட்டிவிட்டாலோ அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் அதை அபசகுனமென்று கருதிப் பாக்கிப் பணத்தையே வெட்டிவிடுவார்கள் என்பது தங்கள் சித்தாந்தம். அதற்குக் கட்டுப்பட்டு, சேரன்மகாதேவியில் ஒரு கலியாண வீட்டின் முன்னே மூன்று தலைமுறையாக நின்ற நாற்பத்திரண்டு பேருடைய எண்பத்துநான்கு கால்களையும் அடக்கும் பொருட்டு, யாஷிகா காமிராவின் மேற்கண்ணாடியில் கவிழ்ந்த தலையை நிமிர்த்தாமல் பின்வாங்கிப் பின்வாங்கிக் கன்னடியன் கால்வாயில் மல்லாந்து விழுந்தவன் நான். காலுக்காகக் கால்வாயில் விழுந்தவனையா காலை வெட்டினான் என்கிறீர்கள்? அன்று முழங்கையளவு தண்ணீருக்குமேலே காமிராவை மட்டும் தூக்கிப் பிடித்திருந்ததைக் கண்டு, "பிழைச்சுக்கிடும்" என்று தாங்கள் அருளினீர்கள். காமிராவைச் சொன்னீர்களா, என்னைச் சொன்னீர்களா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

1989இல் அதே யாஷிகாவுடன் இங்கே வந்து இறங்கினேன். பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் ரயில் டிக்கெட் ஒன்றைக் கொண்டே அடையக்கூடிய வெளிநாடு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நம் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் தோல் பதனிடும் தொழிலுக்காக நூறு வருஷத்துக்குமுன்பே வந்து குடியேறிய தாராவி, சௌராஷ்டிரத்துக் குயவர்களும் இன்னும் எத்தனையோ தேசத்தாரும் சேர்ந்து இன்று இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் லட்சக்கணக்கான பேர் வாசம் செய்யும் க்ஷேத்திரமாக விளங்குகிறது. குடியிருக்கும் அறையை இங்கே கோலி என்பார்கள். நம்மூரில் கோலி என்றால் குண்டு; அதற்கு உருளவாவது இடமுண்டு. நான் எடுத்த முதல் கலியாணத்தில், மணமக்களை வாசலில் நிறுத்திவிட்டு, தங்களை மனத்தில் தியானித்து ஓர் அடி பின்னால் வைத்தேன். எதிர்வீட்டுக் குக்கர் என் முதுகில் விசிலடித்தது. அண்ணாச்சி, அந்தக் கணத்தில்தான் தங்கள் வித்தை மும்பை மண்ணில் செல்லுபடியாகாது என்பதை அறிந்தேன். இது பின்னால் போக இடமில்லாத ஊர்.

பின்னால் போக முடியாதவன் மேலே போகவேண்டியதுதானே! இரும்பு ஏணியில் தொற்றி எதிர்வீட்டு மாடிக்குச் சென்று, ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே தொங்கி, என் வேட்டியை அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் பிடித்துக்கொள்ள, நாலு அடிச் சந்தில் ஒருவர் பின் ஒருவராக எறும்புபோல் வந்த மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம்பிடித்தேன். முகங்களைவிட உச்சிகளே பிரதானமாக விழுந்தன. பெண்ணின் தகப்பனார் ஆல்பத்தைப் பார்த்துத் தம் தலையில் வழுக்கை இவ்வளவு தூரம் முன்னேறியிருப்பதை அன்றுதான் கண்டுகொண்டதாகக் கண்கலங்கினார். பிறகு அகலக் கோண லென்ஸ் ஒன்று வாங்கினேன். அது நாலு அடிச் சந்தையும் ரத வீதியாக்கிக் காட்டும். ஆனால் ஓரத்தில் நிற்பவர்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். இந்த இரகசியம் தெரியாமல் பெண்ணின் அத்தையை ஓரத்தில் நிறுத்தி, அந்த அம்மாளின் சினேகத்தை நிரந்தரமாக இழந்தேன். ஓரத்தில் நிறுத்துவதற்கென்றே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒல்லியான சித்தப்பா ஒருவரைப் பகவான் சிருஷ்டித்திருக்கிறார் என்பது அதன்பின் நான் அடைந்த ஞானம்.

செம்பூரின் நிலைமை வேறு. அங்கே நம்மவர்களும், தேசப் பிரிவினைக்குப் பின் வந்து குடியேறிய சிந்திகளும் அக்கம்பக்கமாக வசிக்கிறார்கள். வடக்கத்தியார் கலியாணம் இரவில் தொடங்கி விடிய விடிய நடக்கும், நம் கலியாணம் விடியற்காலையில் தொடங்கும். இரண்டையும் ஒரே தினத்தில் ஒப்புக்கொள்பவனுக்கு நித்திரை என்பது செம்பூரிலிருந்து குர்லா போய் வண்டி மாறி மாட்டுங்கா சேரும் ரயில் பெட்டியில் நின்றபடியே சம்பாதிக்க வேண்டிய பொருள். ஒருநாள் அந்தத் தூக்கத்தில் விரைவு வண்டியில் ஏறிவிட்டேன். அது மாட்டுங்காவில் நிற்காது. மாட்டுங்கா நிலையம் என் கண்ணெதிரே ஓடிமறைய, தாதரில் இறங்கித் தலைதெறிக்கத் திரும்பி வந்து, மாலை மாற்றும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். தோளிலே முதல்நாள் இரவுக் கலியாணத்தில் எவரோ போட்ட செண்டுமல்லி மாலை அப்படியே கிடந்தபடியால், வாசலில் நின்றவர்கள் என்னையே மாப்பிள்ளை வீட்டார் என்று எண்ணிப் பன்னீர் தெளித்தார்கள்.

கால்களைப் பற்றியல்லவா பேச்சு? வடக்கத்தியார் கலியாணத்தில் காலுக்கு ராஜமரியாதை உண்டு. மாப்பிள்ளை குதிரைமேல் வருகிறான். இந்த நகரத்தில் கூட்டத்துக்குமேலே கால் தெரியும்படி இருக்கிற பிராணி அவன் ஒருவன்தான். ஆனால் மண்டபத்தில் அவன் செருப்பைக் கழற்றியதும் மைத்துனிமார் அதைத் திருடி ஒளித்துவிட்டு, பணம் கொடுத்தாலொழியத் தரமாட்டோம் என்று பேரம் பேசுவது அவர்கள் சம்பிரதாயம். ஒருமுறை அந்தப் பெண்கள் செருப்பை என் காமிராப் பைக்குள் ஒளித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சிற்றப்பா ஒருவர் சந்தேகித்துப் பையைத் திறக்கச் செய்ய, லென்ஸ்களுக்கு நடுவே சரிகை வேலைப்பாடு மிகுந்த பத்தாம் நம்பர் ஜோடி பிரத்தியட்சமாயிற்று. வடக்கே எவ்வளவோ படம் எடுத்திருக்கிறேன். அன்று என்னைப் பத்துப் பேர் எடுத்தார்கள்.

மராட்டியர் கலியாணத்தைத் தாங்கள் ஒருதடவை பார்க்கவேண்டும். மணமக்களுக்கு நடுவே அந்தர்பாட் என்ற துணியைப் பிடித்துக்கொண்டு மங்களாஷ்டகம் சொல்வார்கள். ஒவ்வொரு சுலோகமும் 'சாவதான்' என்று முடியும், அதாவது ஜாக்கிரதை! சமர்த்த ராமதாசர் பாலப்பிராயத்தில் தம் கலியாணத்தில் இந்த வார்த்தை காதில் விழுந்ததுமே அதன் மெய்ப்பொருளை உணர்ந்து மணப்பந்தலைவிட்டு ஓடிப்போய்ப் பெரிய ஞானியானார் என்பது இந்நாட்டு ஐதிகம். அதற்குப் பின்னும் லட்சோபலட்சம் மாப்பிள்ளைகள் அதே எச்சரிக்கையைச் செவியுற்றும் அசையாமல் நிற்பதை நினைத்தால் மனுஷ ஜாதியின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். துணி விலகும் கணத்துக்காகப் படக்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். எனக்கோ தங்கள் சிக்ஷையின் பலனாக, அதற்குமுன்பே பார்வை கீழே போய்விடும். துணி முகத்தை மறைக்கிறது, காலை மறைக்கவில்லை. பெண்ணின் கட்டைவிரல் பலகையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளையின் பத்து விரல்களும் ஒவ்வொரு 'சாவதானு'க்கும் உள்ளே மடங்கி மடங்கி விரியும். முகத்துக்குப் பவுடர் பூசி ஒத்திகை பார்த்து அனுப்பியவர்கள், கால்விரலுக்கு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. நான் எடுத்தவற்றில் உத்தமமானவை அந்தப் படங்கள்தான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்; அவற்றை ஆல்பத்தில் சேர்க்க ஒரு குடும்பமாவது சம்மதித்ததில்லை.

மாட்டுங்காவில் நம்மவர் கலியாணம் என்றால் ஆஸ்திக சமாஜக் கோயில் பக்கத்துத் தெருவில் மல்லிகையும் வாழையிலையும் வாங்குகிற வாசனையிலேயே பாதி ஊருக்குத் திரும்பிவிட்ட பிரமை உண்டாகும். ஆனால் அம்மி மிதிக்கும் கட்டம் வந்ததும் பிரமை தீர்ந்துவிடும். மாப்பிள்ளை பெண்ணின் பாதாரவிந்தத்தைக் கையால் எடுத்து அம்மியின்மேல் வைக்கும் அந்த ஒரு விநாடியைப் பிடிக்க நாற்பது உறவினர்கள் நாற்பது கைப்பேசிகளுடன் வளைத்துக்கொள்ள, கூலி வாங்கிய எனக்கு நாற்பது முதுகுகள் மட்டும் தரிசனமாகும். யாஷிகாவின் ஒரு சுருளில் 12 படம். பதினொன்றோடு நிறுத்தி ஒன்றைத் தாலிக்கு வைத்துக்கொள் என்று தாங்கள் கற்பித்த காலத்தில், அந்த ஒன்றுக்காக ஊரே ஒதுங்கி வழிவிட்டது. இப்போது ஒரு கலியாணத்துக்கு நாலாயிரம் எடுக்கிறேன், ஒதுங்குவார் இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தரையில் குப்புறப் படுத்து, உறவினர்களின் கால்களுக்கிடையே ஊர்ந்துபோய் எடுத்தேன். பிரமாதமாக வந்தது. ஆனால் கூட்டத்தில் திசை தவறி நான் எடுத்திருந்தது பெண்ணின் பெரியம்மா காலை என்பது, மெட்டியை அடையாளம் கண்டு அந்த அம்மாளே சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் கலியாணத்துக்கு முன்பே மணமக்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் படமெடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. தாங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. செம்பூர்க் குடும்பம் ஒன்று சம்மதித்தும் சம்மதியாமலும் துணைக்குப் பாட்டியை அனுப்பிவைத்தது. மெரீன் டிரைவ் சுவரில் ஜோடியை உட்காரவைத்து, என் உதவியாளன் வராதபடியால் ஒளியைத் திருப்பும் வெள்ளித் தகட்டைப் பாட்டியின் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைத் தட்டிப் பார்த்து, "இது யார் செய்த சீர்?" என்று கேட்டார். பிறகு ஒளியைப் பேத்திமேல் பாய்ச்சாமல், மாப்பிள்ளையின் கை எங்கே போகிறதோ அங்கே பாய்ச்சிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த ஆல்பத்தில் எல்லோரும் விரும்பிய படம், கடலைப் பார்த்து நிற்கும் ஜோடியல்ல. அவர்களுக்கு நடுவே காற்றில் பாய்மரம்போல் வெள்ளித் தகட்டை ஏந்தி நிற்கும் பாட்டிதான். அதிலும் கால் இல்லை, அண்ணாச்சி; ஒத்துக்கொள்கிறேன்.

செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் ஒரு குடும்பத்தை வரிசையாக நிறுத்தினால் கால்கள் தெரியுமே என்று உச்சிவெயிலில் முயன்றேன். கால்கள் படத்தில் விழுந்தன. வெறுங்காலோடு நின்ற அவர்களுடைய கால் ஒன்றுகூடக் கல்லில் விழவில்லை. ஆனி மாதத்து மழையில் தாராவியில் எடுத்த கலியாணத்திலோ, முழங்காலளவு தண்ணீரில் இரு குடும்பத்தாரும் புன்முறுவலோடு நின்றார்கள். அங்கே கால் தெரியாமற் போனதற்கு வருணன் பொறுப்பு.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு படத்தை இத்துடன் அனுப்புகிறேன். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2024இல் வீடு வீடாக அளந்து எண் எழுதத் தொடங்கினார்கள். தாங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சென்ற கார்த்திகையில் ஒரு மணப்பெண், மறுவீடு புறப்படுமுன் மாப்பிள்ளையோடு தன் பிறந்த வீட்டு வாசலில் நின்று, "அண்ணே, கதவு முழுசா விழணும், நம்பரும் விழணும், நான் கோலம் போட்ட படியும் விழணும்" என்றாள். படி விழவேண்டுமானால் பின்னால் போகவேண்டும். என் முதுகு ஏற்கெனவே எதிர்வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. அப்போது அந்தக் கதவு திறந்தது. உள்ளேயிருந்த ஆச்சி, அடுப்பிலிருந்து ரசச் சட்டியை இறக்கி, பாயைச் சுருட்டி, தண்ணீர்ப் பீப்பாயைத் தம் இடுப்பாலேயே தள்ளி ஒதுக்கிவிட்டு, "வாரும் தம்பி, பின்னால வாரும், இன்னும் பின்னால வாரும்" என்றார். குரல்தான் வேறு, அண்ணாச்சி. அந்த அம்மாளின் சமையற்கட்டைத் தாண்டி, சாமி படத்தைத் தாண்டி, பின்சுவரில் முதுகு முட்டும்வரை போனேன்.

கதவு, எண், கோலம், படி எல்லாம் இருக்கின்றன. கால்களைத் தாங்களே எண்ணிக்கொள்ளவும், நாலு இருக்கவேண்டும். இடதுபக்கத்து மூலையில் ஐந்தாவதாக ஒன்று தெரிந்தால் திகைக்கவேண்டாம். அது கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆச்சியுடையது. தங்கள் உபதேசத்தை மதித்து அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

மதினிக்கு என் நமஸ்காரம். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். பதில் எழுதுவதானால் அதற்குள் எழுதவும்.

இப்படிக்கு,
கால்வாயில் விழுந்தவன்