கருவிகள் வந்தன, திருகாணிகள் போயின

என் மகன் வீட்டில் இருக்கும் கருவிகளை என் அப்பா பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். கான்கிரீட்டைத் துளைக்கும் டிரில் மெஷின், பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூ டிரைவர், பெட்டி நிறையப் பிட்டுகள், மல்டிமீட்டர், சுவரில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் லேசர் ரசமட்டம். அப்பாவின் சொத்து முழுதும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியது. மரப்பிடி போட்ட திருப்புளி, கட்டிங் பிளேயர், டெஸ்டர், பைப் ஸ்பேனர், சுத்தியல், அரம். இவ்வளவுதான். இவற்றை வைத்துக்கொண்டு உறையூர் வீட்டில் அவர் கழற்றிப் பார்க்காத பொருள் இல்லை. மகனிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது. கழற்றக்கூடிய பொருள்தான் வீட்டில் அருகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் மழை பிடித்தால் யார் வீட்டிலாவது ஃபியூஸ் போகும். நடையில் கறுப்பு மரப்பலகை, அதில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். அம்மா டார்ச் பிடிக்க, அப்பா மெயினை அணைத்துவிட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார். போன கட்டையில் பீங்கான்மேல் கரிக்கோடு விழுந்திருக்கும். அதை என் கையில் கொடுத்துவிடுவார்.

“மெயின் அணைஞ்சிருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பார்த்தியா?”

“நீங்கதானே அணைச்சீங்கப்பா?”

“நான் அணைச்சா என்ன? தொடப்போறது நீ. நீ பாரு.”

பார்த்த பிறகுதான் வேலை. உருகிய துணுக்குகளை எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைத் திருகாணியில் சுற்ற வேண்டும். அதிலும் ஒரு முறை உண்டு. திருகாணி எந்தப் பக்கம் இறுகுமோ, அந்தப் பக்கமாகவே கம்பியைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் முறுக்க முறுக்கக் கம்பி உள்ளே இழுபடும். மாற்றிச் சுற்றினால் திருகாணியே அதை வெளியே தள்ளிவிடும். ரொம்பவும் இழுத்துக் கட்டக் கூடாது. கொஞ்சம் தொய்வு வேண்டும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று சில வீடுகளில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. “ஃபியூஸ் கம்பி உருகத்தான் வேணும். அது உருகலைன்னா சுவத்துக்குள்ள ஒயர் உருகும்” என்பார். மின்சாரத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் இதுதான். பள்ளிக்கூடத்துக்கு முன்பே கற்றேன்.

குழாய் சொட்டினாலும் இதே கதை. பித்தளைக் குழாயின் தலையை ஸ்பேனரால் கழற்றினால் அடியில் ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்து பள்ளம் விழுந்து கிடக்கும். ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குப் புது வாஷர். மாற்றிப் போட்டால் அடுத்த கோடைவரை சொட்டாது. இப்போது வரும் குழாய்களில் கால் சுற்றுச் சுற்றினாலே தண்ணீர் கொட்டுகிறது. உள்ளே வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் திறந்து மூடும். நல்ல தண்ணீர் என்றால் பல ஆண்டு உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் போர் தண்ணீரின் உப்பும் மணலும் தட்டுகளுக்கு இடையே படிந்துவிட்டால் உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டியதுதான். அதுவும் அதே கம்பெனி, அதே மாடல் கார்ட்ரிட்ஜ்தான் பொருந்தும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால், சொட்டும் ஒரு குழாய்க்காகப் புதுக்குழாயே வாங்க வேண்டும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் வெள்ளையடிப்பவர்கள்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்துப் பொங்கும். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று எங்களைத் திண்ணைக்கு விரட்டிவிடுவார்கள். ஓர் இரவு ஆறவிட்டு, சாக்கில் வடிகட்டி, பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலமும், கையில் ஒட்டாமலிருக்க உருக்கிய வஜ்ஜிரமும் சேர்த்து, மட்டையால் அடிப்போம். அடிக்கும்போது சாம்பல் நிறமாக, ஒன்றும் அடிக்காததுபோல் இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறுகிறது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

இன்று புட்டி, பிரைமர், எமல்ஷன் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறோம். துடைத்தால் அழுக்குப் போகும், வண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் சுவருக்குள் ஈரம் இருந்தால் அது வெளியேற வழியில்லாமல் வண்ணத்தையே கொப்புளமாகத் தூக்குகிறது. மழைக்காலம் முடிந்ததும் சென்னை அடுக்ககங்களில் எத்தனை சுவர்கள் உரிந்து நிற்கின்றன என்று பாருங்கள். காசில்லாதவர் வீட்டுப் பூச்சு என்று நாம் கைவிட்ட சுண்ணாம்பை இப்போது கட்டடக் கலைஞர்கள் உயர்தரப் பூச்சு என்று வசதியான வீடுகளுக்குப் பூசுகிறார்கள். அந்தக் கைத்திறன் மீள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். சும்மா கிடைத்த காலத்தில் அதைக் கற்றுவைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரவில்லையே என்பதுதான் வருத்தம்.

மிக்ஸியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தென்னாட்டுச் சமையலறைகளை ஆண்ட சுமீத் மிக்ஸி பிறந்ததே ஒரு பழுதினால்தான். மாதுரி மாத்தூர் என்ற இல்லத்தரசியின் ஜெர்மன் மிக்ஸி நம் ஊர்க் கடின அரைப்புக்குத் தாங்காமல் நின்றுபோக, பொறியாளரான அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் நம் மசாலாவுக்கும் மாவுக்கும் ஈடுகொடுக்கும் மோட்டாரோடு புதிதாக ஒன்றை உருவாக்கினார். எங்கள் வீட்டுக்கு அது வந்தபோது அப்பா முதலில் பார்த்தது, கார்பன் பிரஷ்ஷை எடுக்க வழி இருக்கிறதா என்பதைத்தான். இருந்தது. பிரஷ் தேய்ந்தால் உள்ளே நீலப் பொறி பறக்கும், ஒரு தீய்ந்த வாடை வரும். மூடியைத் திருகிப் புதியதைச் செருகினால் தீர்ந்தது. மேலே ஜாரின் பிளேடைச் சுழற்றும் கறுப்புக் கப்ளர் அளவுக்கு மீறிய பாரம் ஏறினால் தானே உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். கப்ளரைக் கழற்றுவதற்கு வழக்கமான திசைக்கு எதிராகத் திருக வேண்டும். ஓட ஓட இறுகுமே தவிர லூஸாகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி மரை வெட்டியிருப்பார்கள். இது தெரியாமல் பலம் போட்டுக் கப்ளரை உடைத்தவர்கள் ஏராளம்.

வீட்டில் முடியாததற்குத் தெருவில் ஆள் வரும். ஈயம் பூசுகிறவர், சாணை பிடிக்கிறவர், குடை தைக்கிறவர், அம்மி கொத்துகிறவர். திண்ணையில் உட்கார்ந்து நம் கண்முன்னால் வேலை செய்வார்கள்; பக்கத்தில் நின்று பார்த்தே பாதி கற்றுக்கொள்வோம். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி ‘ரிப்பேர் கஃபே’ ஒன்றைத் தொடங்கினார். பழுதான பொருளைக் கொண்டுவந்தால் வேலை தெரிந்தவர்கள் கூடவே உட்கார்ந்து சரிசெய்ய உதவுவார்கள். அது இன்று பல நாடுகளில் இயக்கமாக வளர்ந்திருக்கிறது. இதைப் பற்றிப் படித்தபோது எங்கள் திண்ணைதான் எனக்கு நினைவில் வந்தது. அவர்கள் இழந்ததை உணர்ந்து தேடி எடுத்தார்கள். நாம் இன்னும் இழந்துகொண்டே இருக்கிறோம்.

போன கோடையில் மகன் வீட்டு ஃபேன் நின்றது. ரிமோட்டில் ஓடும் புது வகை. பழைய ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் இது 30 வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கும். கரண்ட் பில்லுக்கு நல்லது, ஊருக்கும் நல்லது. பழைய ஃபேன் மெதுவாக ஓடினால் கப்பாசிட்டரை மாற்றுவோம், அதோடு சரி. இதைத் திறந்தால் சர்க்யூட் போர்டு முழுதும் பிசின் ஊற்றி மூடியிருக்கிறது. எது போனது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கக்கூட இடமில்லை. கம்பெனி ஆள் வந்து இரண்டு நிமிடம் பார்த்தார். “போர்டு போயிடுச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லை. புதுசே வாங்கிடுங்க” என்றார். இறக்கையில் கீறலில்லை, பேரிங்கில் சத்தமில்லை. நல்ல இரும்பும் செம்பும் ஒரு சின்னப் போர்டுக்காகக் காயலான் கடைக்குப் போயின.

எல்இடி பல்பும் அப்படித்தான். உள்ளே குட்டிக் குட்டி விளக்குகள் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் அத்தனையும் அணையும். போன விளக்கின் நடுவில் கடுகளவு கரும்புள்ளி தெரியும். அந்த ஒன்றை மாற்றினால் பல்பு மறுபடி எரியும். சந்தை மூலைகளில் சில இளைஞர்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அப்பாவின் பீங்கான் ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றியது, ஆளைக் காப்பாற்றியதில்லை. ஈரக்கையோடு தொட்டு ஷாக் அடித்து இறந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இன்று 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கிடைக்கிறது. அது இல்லாத வீடு இருக்கவே கூடாது. அதன் டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். புதுமைமேல் எனக்குக் கோபமில்லை. திறக்க முடியாதபடி ஒட்டி விற்கிறார்களே, அதன்மேல்தான் கோபம்.

இது தானாக மாறாது. பிரான்சில் 2021 முதல் செல்போன், மடிக்கணினி, தொலைக்காட்சி, வாஷிங் மெஷின் போன்றவற்றை விற்கும்போதே, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. பிறகு தனி இணையதளமும் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் வாங்குகிறவர் கேட்காவிட்டால் விற்கிறவர் மாற மாட்டார்.

ஆகவே அடுத்த முறை மிக்ஸியோ ஃபேனோ குழாயோ வாங்கப் போகும்போது, விலை கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் கேளுங்கள். “இதைத் திறக்க முடியுமா? உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்? இப்போதே ஒன்று கையில் தருவீர்களா?” பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, மெயினை எப்படி அணைப்பது, அணைந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்று இந்த வாரமே காட்டிக் கொடுங்கள்.