கணப்புப் பண்டிதர்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் என்று மூன்று மாநிலங்கள் இருக்கின்றன. மலை, காடு, மாடு, அரை வருஷம் குளிர். அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிறவர் யாரும் இந்த மனிதரைச் சந்திக்காமல் திரும்ப முடியாது. வயது எழுபதை நெருங்கும். பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ கம்ப்யூட்டர், இன்ஷூரன்ஸ், கல்லூரி என்று எதிலாவது காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடிவந்திருப்பார். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, தோல் கையுறை, காதில் பென்சில். அந்தச் சட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விறகடுப்போடு புழங்குகிறவன் சட்டைக் கையில் பொறி தெறித்துத் தெறித்துச் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்திருக்கும். இவர் சட்டையில் ஒன்றுகூட இருக்காது.

காரணம், அவரிடம் விறகடுப்பு கிடையாது. வாங்கப் போகிறார்.

வீட்டைச் சூடாக்க ஒரு விறகு ஃபர்னஸ் வாங்குவதென்று அவர் முடிவெடுத்து வருஷங்கள் ஆகின்றன. முடிவில் மாற்றமில்லை. எதை வாங்குவது என்பதுதான் பாக்கி. கேஸ் சிலிண்டர் வந்த அன்றைக்கே விறகடுப்பைக் கொல்லைக்குத் தள்ளியவர்கள் நாம். காசு கொடுத்துப் புகையைத் தேடிப் போகிற ஆசை நமக்குச் சட்டென்று விளங்காது. ஆனால் அங்கே சில இரவுகளில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். வெர்மான்ட்டின் புளூம்ஃபீல்டில் 1933 டிசம்பர் 30ஆம் தேதி மைனஸ் 45க்கும் கீழே போனது. கிராமத்துக்குக் குழாயில் எரிவாயு வராது. எண்ணெய் லாரிதான் வந்து தொட்டியை நிரப்பிவிட்டு, வயிற்றைக் கலக்குகிற பில்லை நீட்டிவிட்டுப் போகும். வீட்டுக்குப் பின்னாலோ சொந்தக் காடு சும்மா நிற்கிறது. ஆகவே ஆசையில் தப்பே இல்லை.

"என்ன ஃபர்னஸ் வாங்கலாம்னு இருக்கீங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டீர்களானால் அன்றைய பொழுது போச்சு.

"முதல்ல ஒண்ணு தெளிவாகணும். ஸ்டவ் வேற, ஃபர்னஸ் வேற, பாய்லர் வேற" என்று ஆரம்பிப்பார். ஸ்டவ் என்பது கூடத்தில் வைக்கிற இரும்புப் பெட்டி. கண்ணாடிக் கதவு வழியாகத் தீ தெரியும், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் கூடத்தில் வேர்த்துக் கொட்டும்போது கடைசி அறையில் பல் கிட்டிக்கும். அதனால் வேண்டாம். ஃபர்னஸ் நிலவறையில் இருக்கும். சூடான காற்றை விசிறி வைத்து எல்லா அறைக்கும் தள்ளும். நல்லதுதான், ஆனால் விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே? "1998 ஜனவரியில ஐஸ் புயல் அடிச்சு எத்தனையோ வீட்டுல வாரக்கணக்கா கரண்ட் இல்லையே, அப்ப என்ன பண்றது?" என்பார், குரல் நடுங்க. 1998 ஜனவரியில் அவர் பாஸ்டனில் ஒரு அடுக்குமாடி ஆபீஸில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

சரி, பாய்லர்? அதை வெளியே தனியாக நிறுத்தி, மண்ணுக்கடியில் குழாய் புதைத்து வெந்நீரை வீட்டுக்குக் கொண்டுவரலாம். சாம்பல், செதில், கட்டையோடு வரும் சிலந்தி எதுவும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது. ஆனால் நடுராத்திரி பனியில் நடந்து போய் யார் கட்டை போடுவது? தவிர, பழைய மாடலாக இருந்தால் புகை தாழப் பரவிப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். பக்கத்து வீடு அரை மைல் தள்ளியிருக்கிறது என்று நாம் குறுக்கே பேசக் கூடாது.

நாலாவதாக ஒன்று உண்டு. ஃபின்லாந்து, ரஷ்யா பக்கத்துக் கல் கணப்பு. ஒரு கத்தை விறகைச் சுறுசுறுவென்று எரித்து முடித்து, அந்தச் சூட்டை டன் கணக்கான கல்லில் பிடித்து வைத்துக்கொண்டு நாளெல்லாம் நிதானமாக விடும். இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பண்டிதர், அந்தக் கனத்தைத் தரை தாங்குமா என்று பார்க்க இன்ஜினீயரையே வரவழைத்தார். தாங்காது என்று சொல்லிவிட்டார் இன்ஜினீயர். அப்போது பண்டிதர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கென்னவோ நிம்மதியாகத்தான் பட்டது.

இத்தனைக்கும் அப்புறம், கேட்டலிஸ்ட் வைத்ததா வைக்காததா என்ற விவகாரம் இருக்கிறது. இந்த இடத்தில் நாற்காலியை நமக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார். விறகின் சூட்டில் பாதிக்கு மேல் அது கக்குகிற வாயுவில்தான் இருக்கிறது. அந்த வாயு எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். நடுவில் கேட்டலிஸ்ட் என்கிற துளைத்துளையான சில்லு ஒன்றை, உலோகப் பூச்சுப் பூசி, வைத்துவிட்டால் 260 டிகிரி சுமாரிலேயே எரியும். எரியாமல் தப்பிய வாயு புகைபோக்கியில் ஏறித் தாராகப் படியும், அந்தத் தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் வீடே போகும். எல்லாம் நூற்றுக்கு நூறு உண்மை. அவர் பேச்சில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. அவரோடு உள்ள தொந்தரவே அதுதான்.

சரித்திரமும் விரல் நுனியில். பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பற்றிப் பேசும்போது, அசட்டு வேலை பார்த்துவிட்ட பழைய ஆபீஸ் நண்பரைப் பற்றிப் பேசுகிற அலுப்பு தெரியும். ஃபிராங்க்ளின் தம் கணப்பைப் பற்றி 1744இல் சிறுநூல் வெளியிட்டார், காப்புரிமை வேண்டாமென்று பெருந்தன்மையாக மறுத்தார், எல்லாம் சரி. ஆனால் புகையை முதலில் கீழே இறக்கி அப்புறம் மேலே ஏற்றப் பார்த்தார். புகை கேட்குமா? "புகையை இழுக்கிற டிராஃப்ட்டுல கோட்டை விட்டுட்டார், பாவம்" என்பார் பண்டிதர். அங்கிருந்து 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு ஒரே தாவல். அதற்கப்புறம்தான் அந்த வட்டாரமே மறுபடி விறகுக்குத் திரும்பியது. 1988இல் ஸ்டவ் புகைக்கு மத்திய அரசின் கட்டுப்பாடு வந்தது. 2015இல் ஃபர்னஸும் பாய்லரும் அதற்குள் வந்தன. 2020 மே மாதம் கட்டுப்பாடு இன்னும் இறுகியது: ஸ்டவ் என்றால் மணிக்கு இரண்டு, இரண்டரை கிராமுக்கு மேல் புகைத்தூள் விடக் கூடாது. ஒவ்வொரு தேதியும் அவருக்குக் காத்திருக்கக் கிடைத்த காரணம். 2015இல், "2020 மாடல் வரட்டும்" என்றார். 2020இல், "முதல் வருஷத்து மாடலை யாராவது வாங்குவாங்களா?" என்றார். 2023இலிருந்து நல்ல திறனுள்ள விறகு ஸ்டவ் வாங்கினால் செலவில் 30 சதவீதம், 2,000 டாலர் வரை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. எந்தெந்த மாடல் தேறும் என்று அவர் எக்செல்லில் பதினான்கு பத்தி போட்டு அலசி முடிப்பதற்குள் 2025 டிசம்பர் 31 கடந்து சலுகையே காலாவதியாகிவிட்டது.

கடை கடையாகப் போவார். பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று கிளம்பிய அந்தக் காலத்துச் சம்பந்தியைப் போல, கதவைத் திறந்து மூடி, கீலை ஆட்டிப் பார்த்து, கடைக்காரர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, விலைப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

ஃபர்னஸ்தான் இல்லையே தவிர, விறகு இருக்கிறது. அதில் மட்டும் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. அங்கே விறகு கார்டு கணக்கில் விற்கும். ஒரு கார்டு என்றால் நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம், ஆக 128 கன அடி. விறகுக்காரர் கொட்டிவிட்டுப் போன மறு நிமிஷமே டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். மேப்பிள் தனியாக, ஆஷ் தனியாக, ஓக் தனியாக அடுக்கியிருப்பார். ஓக் காய இரண்டு கோடை வேண்டும் என்பதால் அதற்குத் தேதி எழுதிய தகர அட்டை. மரத்தைத் தின்னும் பச்சை வண்டு பரவுகிறதென்று, வெளியூர் விறகை வாசலில் இறக்கவே விடமாட்டார்.

ஈரம் பார்க்கும் கருவி ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். தீப்பெட்டி அளவு, நுனியில் இரண்டு ஊசி. அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவுவார், கோடாரியால் ஒரே போடு போட்டுப் பிளப்பார், உள்முகம் வெளுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் ஊசியை அழுத்துவார். "வெளிப்பக்கம் குத்தினா பொய் சொல்லும்." எண் மின்னும்: 17. இருபதுக்குக் கீழே இருந்தால் எரிக்கத் தயார். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுவார். டொக்கென்று அமுங்கிய ஓசை வந்தால் ஈரம், டங்கென்று கணீரென வந்தால் காய்ந்தது. கணீரென்றுதான் வருகிறது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இரண்டையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார்.

பட்டை மேலே இருக்க அடுக்குவதா, கீழே இருக்க அடுக்குவதா என்ற பிரச்சினையை அவரிடம் எழுப்ப வேண்டாம். 2013 பிப்ரவரியில் நார்வே அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே 12 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது. பட்டை மேலே இருக்கும்படி அடுக்கிவிட்டீர்களே என்றது வந்த புகார்களில் ஒரு பாதி, கீழே இருக்கும்படி அடுக்கிவிட்டீர்களே என்றது மறு பாதி. அந்தத் தேசத்தில் பிறந்திருக்க வேண்டியவர் நம் பண்டிதர்.

பிப்ரவரி 2ஆம் தேதி கொட்டகையில் பாதி விறகும் பாதி வைக்கோலும் மிச்சமிருக்க வேண்டும் என்று அந்த ஊர்ப் பழைய விவசாயிகள் சொல்வார்கள். குளிர் இன்னும் பாதி பாக்கி என்று அர்த்தம். அந்த விதியை மிஞ்சி நடப்பவர் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான். இவர் கொட்டகையில் முழு விறகும் அப்படியே இருக்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பால் பண்ணைக் கிழவர் ஒருவர். நிலவறையில் நாற்பது வருஷத்துப் பழைய விறகு ஃபர்னஸ் வைத்திருக்கிறார். "என்ன மாடல்?" என்று பண்டிதர் ஒருமுறை நோட்டும் பென்சிலுமாகப் போய்க் கேட்டார். கிழவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கறுப்பு" என்றார். திறன் எவ்வளவு என்று கேட்டதற்கு, "வீடு சூடா இருக்கு, உக்காருங்க" என்றார். கிழவரைத் தூக்கிவைத்து நான் பேச வரவில்லை. அவர் வீட்டுப் புகைபோக்கி ஒருமுறை பற்றிக்கொண்டு தீயணைப்பு வண்டி வரும்படி ஆனது. வருஷத்துக்கு ஒருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்லியும், கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டச் சொல்லியும் பண்டிதர் தலையால் அடித்துக்கொண்டது வீண் போகவில்லை. இப்போது கிழவர் இரண்டையும் செய்கிறார். சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் அள்ளி வெளியே வைக்கவும் பழகிவிட்டார். அந்த ஊரில் பண்டிதரால் பிழைத்த வீடுகள் இருக்கலாம். அவர் வீடுதான் சில்லென்று இருக்கிறது.

ஏனென்றால், "விறகு வந்ததும் பாத்துக்கலாம்" என்று எண்ணெய்ச் சூட்டை 15 டிகிரியில் குறைத்து வைத்திருக்கிறார். அவர் மனைவி வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு காய் நறுக்குகிறார். பண்டிதர் கொட்டகைக்குப் போனதும் அந்த அம்மாள் சுவரில் உள்ள பட்டனை 21க்குத் திருப்புவார், திரும்பி வரும் காலடிச் சத்தம் கேட்டால் 15க்கு இறக்குவார். உள்ளே வந்த பண்டிதர் கையைத் தேய்த்துக்கொண்டே, "பாத்தியா, இந்தப் பழைய வீடு சூட்டை எவ்வளவு நல்லாப் பிடிச்சு வைக்குது" என்பார். அதற்கும் அந்த அம்மாள் ஒன்றும் சொல்வதில்லை. எண்ணெய் பில்லைக் கட்டுவது அவர்தான்.

அந்தப் பக்கம் விருந்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டைக் கழற்றாதீர்கள். விறகடுக்கைப் பாராட்டுங்கள், அவர் பூரித்துப்போவார். ஆனால் எந்த ஃபர்னஸையும் பெயர் சொல்லி நல்லதென்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். எக்செல்லில் இன்னொரு வரிசை ஏறும், அந்த அம்மாளுக்கு இன்னொரு குளிர்காலம் போகும்.