வெளிச்சக் கணக்கர்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் உலாவப் போகிறவர்கள் ஒரு வீட்டை மட்டும் வெகு சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்ற வீடுகளில் விளக்கு எரியும். அந்த வீட்டில் ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்கும். கூடத்திலிருந்து சமையலறைக்கு ஒருவர் நகர்ந்தால் கூடம் இருண்டுவிடும். அவர் திரும்பி வருவதற்குள் சமையலறை இருண்டுவிடும். இடையில் ரேழியில் யாராவது அகப்பட்டுக்கொண்டால் அவர்களுக்குப் பகவானே துணை.

அந்த வீட்டுக் கிருகஸ்தரைத்தான் வெளிச்சக் கணக்கர் என்கிறேன். தெருவுக்கு இருவராவது இருக்கிறார்கள். அநேகமாக உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அதிலும் ஒருவர் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் ஆயுளில் பாதியைக் கழித்து, அனல்மின் நிலையங்களுக்கென்று மலை மலையாகப் பாய்லர் செய்து அனுப்பியவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தேசமெங்கும் நிலக்கரி எரிந்து மின்சாரம் பெருகுவதற்குத் துணைநின்ற அதே கைகள், அந்த மின்சாரத்தைத் தம் வீட்டு வாசற்படி தாண்டவிடுவதில்லை என்ற விரதத்தை, வழியனுப்பு உபசாரத்தில் விழுந்த மாலையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன.

அவருடைய சாஸ்திரம் பொய்யன்று. அதுதான் நமக்குச் சங்கடம். பழைய குண்டு பல்பு தான் குடிக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் வெளிச்சமாகத் தருகிறது, மிச்சமெல்லாம் வெறும் உஷ்ணம், திருச்சி வெயிலுக்கு அதுவும் ஒரு கேடா என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல முடிவதில்லை. 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். அதே வெளிச்சத்தை, ஏன், கொஞ்சம் கூடுதலாகவே தரும் 9 வாட் எல்.ஈ.டி.க்கு 3 யூனிட்கூட ஆகாது. இரவெல்லாம் எரியும் ஜீரோ வாட் பல்பு பெயருக்குத்தான் ஜீரோ, உள்ளபடி ஏறக்குறைய 15 வாட் தின்கிறது என்ற ரகசியத்தைத் தெரு முழுவதும் பிரசாரம் செய்தவரும் அவரே. நீல நிற எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற அகசாகி, அமானோ, நகமுரா மூவரையும் தம் ஆசாரிய பரம்பரையோடு சேர்த்துக்கொண்டுவிட்டார் என்றே சொல்லலாம்.

அவர் பல்பு வாங்கும் வைபவம் தனி. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலம் கடந்து, மலைக்கோட்டைப் பக்கத்துக் கடையொன்றில் ஏறி நிற்பார். "எத்தனை வாட் வேணும் சார்?" என்று கடைக்காரர் கேட்டதும், "வாட் செலவு, லூமன் வரவு. வரவைச் சொல்லும்" என்பார். பிறகு பூதக்கண்ணாடி வெளியே வரும். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் லூமனை வாட்டால் வகுத்து, நட்சத்திர முத்திரையை எண்ணி, 6500 கெல்வின் என்றிருந்தால் "ஆஸ்பத்திரி வெள்ளை" என்று ஒதுக்கி, 2700 என்றிருப்பதை எடுத்துக்கொள்வார். கடைசியில் கடைக்காரருடைய பேனாவையே இரவல் வாங்கிப் பல்பின் கழுத்தில் தேதியை எழுதுவார். கியாரண்டி காலத்துக்குள் பல்பு காலமானால் சாட்சி வேண்டாமா? மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் உள்ளிருக்கும் டிரைவர் வெந்து சீக்கிரம் போய்விடும் என்று கடைக்காரருக்கே ஒரு பாடம் நடத்திவிட்டு இறங்குவார். அத்தனையும் சரியான பாடம். பஸ் சார்ஜ் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

சமையலறையில்தான் இந்தச் சாஸ்திரம் சறுக்கியது. 9 வாட் இருந்த இடத்தில் 5 வாட் போதும் என்று அவர் தீர்ப்பளித்த மறுநாள் உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: "ஏன்னா, நான் நறுக்கறது கொத்தவரங்காயா என் விரலான்னு தெரியலையே!" கணக்கர் லூமன் கணக்கை எடுத்தார். மாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "உங்க பல்பு என் முதுகுக்குப் பின்னால எரியறது. என் நிழல் மேடை மேல விழறது. முதுகுக்கு எதுக்கு வெளிச்சம்? முன்னால கொண்டு வாங்கோ." எலெக்ட்ரீஷியன் வந்து, மேடைக்கு நேர் மேலே, மாமியின் தலைக்கு முன்புறமாக ஹோல்டரை மாற்றிப் பொருத்தியதும், அதே 5 வாட்டில் சீரகம் வேறு சோம்பு வேறாகத் தெரிந்தது. விளக்கை எங்கே மாட்டுவது என்பது எந்தப் பெட்டியிலும் அச்சாகவில்லை. இதை இன்று அவர் தம் சொந்த சித்தாந்தமாகத் திண்ணையில் உபதேசித்துவருவதை மாமி அறிவாள், ஆட்சேபிப்பதில்லை.

இரண்டு மாதத்துக்கொருமுறை ரீடிங் எடுக்க ஆள் வரும் நாள் அவருக்குப் பரீட்சை முடிவு வெளியாகும் நாள். முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம் என்பது அவருக்குத் திருப்தி தரவில்லை. அவர் நித்திரையைக் கெடுப்பது 500 என்ற எண். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடுகிறது. ஆகையால் ஐம்பதாம் நாளிலிருந்தே மீட்டர் பெட்டியருகே டார்ச் விளக்கோடு நின்று ஒரு தனிப் பாராயணம் நடக்கும். வைகுண்ட ஏகாதசியன்று 236 அடி ராஜகோபுரம் அடி முதல் முடி வரை ஜொலிக்கையில் மட்டும் வாய் திறக்கமாட்டார். ரங்கநாதன் எந்தக் கட்டணப் படியில் வருகிறான் என்று விசாரிப்பது அபசாரம் அல்லவா?

எல்லாம் மே மாதம் வரைக்கும்தான். நியூஜெர்சியிலிருந்து பேரக் குழந்தைகள் வந்து இறங்கியதும், பிள்ளை வாங்கி மாட்டிய ஒன்றரை டன் ஏ.சி. மாடியறையில் சாயங்காலமே முழங்கத் தொடங்கிவிடும். ஒரு யூனிட்டில் 9 வாட் பல்பு 111 மணி நேரம் எரியும் என்று வருவோர் போவோருக்கெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தவர், அந்த ஒரு யூனிட் மாடியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கரைவதைப் பற்றி மௌனவிரதம் பூண்டுவிடுவார். போன கோடையில் மாமி கேட்டேவிட்டாள்.

"ஏன்னா, அதுக்கு என்ன லூமன்?"

"அது அஞ்சு ஸ்டார்டி" என்றார் கணக்கர். சொல்லிக்கொண்டே எழுந்து, அவள் சஹஸ்ரநாமப் புஸ்தகம் படித்துக்கொண்டிருந்த கூடத்து விளக்கை அணைத்தார்.