இடது எது, வலது எது?

நல்லூரில் ஒருவர் மேசையில் இரண்டு மானிட்டர் இருந்தால், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: “கேமரா போட்டிருக்கீங்களா?” கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஆனால் விஷயம் அதுதான். இடது திரையில் பத்திரிகை. வலது திரையில் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் ‘தாய்மாமன் பேரு விட்டுப்போச்சு’ வகைத் திருத்தங்கள்.

கணினியில் இருப்பது லினக்ஸ். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பிடித்துப்போனது. காசு கேட்காத எதுவும் எனக்குப் பிடிக்கும்.

ஒரே தொல்லை: லாகின் செய்கிற ஒவ்வொரு முறையும் திரைகள் இடம் மாறிவிடும். வலது திரைக்குப் போக மவுஸை இடப்பக்கம் தள்ள வேண்டும். கரண்டு போய் வந்தால் மறுபடி லாகின், மறுபடி இடமாற்றம். எதிரே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரோ, இந்த ஆளிடம் கொடுத்தால் முகூர்த்த நேரம் சரியாக வருமா என்ற கவலையில் இருப்பார்கள்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் அக்கா மகன் போனில் வைத்தியம் சொன்னான்: “டெர்மினல்ல எக்ஸ்ரேண்டர் அடிங்க மாமா.” அடித்தவுடன் திரைகள் ஒழுங்காக நின்றன, லாகவுட் செய்ததும் பழைய கதை. அந்தக் கட்டளை அப்போதைய அமர்வோடு சரி, எங்கும் எழுதி வைக்காது. பக்கத்து விருத்தாசலத்துப் பீங்கான்காரர்களுக்கு இது புதிதல்ல: சூளைக்குப் போகாத பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் தண்ணீர் பட்டால் வெறும் மண்.

என் லினக்ஸின் திரை முகப்பான க்னோமில் அந்தச் சூளை ‘அமைப்புகள்’ பக்கத்திலேயே இருக்கிறது. திரைகளை இழுத்து வைத்து உறுதிசெய்தால், ‘மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?’ என்று கேட்கும். யோசிக்க 20 விநாடி. கல்யாண மண்டபக்காரர்கூட அதைவிட அதிக அவகாசம் தருவார். ஆம் என்றால் ‘மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பில் பதிந்துவிடும். மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஈடிஐடி தகவலிலிருந்து தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் ஏறும். கேபிள் எந்த போர்ட்டில் என்பதும் சேரும். வீடு பெருக்கும்போது யாராவது கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் செருகினால், அதே மானிட்டரை க்னோம் முன்பின் பார்த்திராத ஆளாக நடத்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் லாகின் திரை மட்டும் முரண்டு பிடித்தது. அதை நடத்தும் ஜிடிஎம்முக்குத் தனிப் பயனர் கணக்கு. என் கோப்பைத் திரும்பியும் பார்க்காது. அதே கோப்பின் ஒரு நகலை, நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ போட்டு, ஜிடிஎம்மின் கான்ஃபிக் அடைவில் வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

இரண்டு மானிட்டர் வைத்திருக்கும் அன்பர்களே, எக்ஸ்ரேண்டர் முதலுதவிதான். அமைப்புகளில் சேமியுங்கள், ஜிடிஎம்முக்கும் ஒரு நகல் கொடுங்கள், கேபிளை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றாதீர்கள். வீடு பெருக்குகிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.