பூநாரை பார்க்கப் போகும் வழி

சுத்தமான காற்று வாங்கப் பழவேற்காட்டுக்குக் கிளம்புகிற சென்னைவாசி, மீஞ்சூர் வரை கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து முதலில் புகையைத்தான் வாங்குகிறார். கிழக்கே காட்டுப்பள்ளி. 2010 முதல் அங்கே நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கக்கூடிய ஆலை. பக்கத்திலேயே, 2018இல் அதானி குழுமத்துக்குக் கைமாறிய துறைமுகம்.

"அப்பா, பூநாரை!"

"இல்லடா, அது கப்பல்ல பெட்டி ஏத்துற கிரேன்."

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நீண்ட கழுத்து, வரிசை, தண்ணீரோரம், எல்லாம் பொருந்துகிறது. கிரேனாவது போட்டோவுக்கு அசையாமல் நிற்கும். அசல் பூநாரையோ ஏரியின் அந்தக் கோடியில், செல்போனில் வெள்ளைப் புள்ளியாக விழும். படகில் நெருங்கலாமென்றால், 2011 கிறிஸ்துமஸ் நாள் விபத்துக்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. ஆகவே மீன் வறுவல். தின்ற தட்டுகளைக் கரையிலேயே விட்டுவிடுகிறோம். தொலைவிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு வெறுங்கையோடு விடைகொடுப்பது நம் வழக்கமில்லை.