முகம் மறைக்க என்ன விலை?

கேள்வி: இலவச விபிஎன் போட்டிருக்கிறேன். இனி நான் எதைப் பார்த்தாலும் யாருக்கும் தெரியாதுதானே?
– கல்லூரி மாணவி, மயிலாடும்பாறை

பதில்: விபிஎன் உங்கள் இணையப் போக்குவரத்தை மறைத்துத் தன் சர்வர் வழியாக அனுப்புகிறது. சிம் கார்டு நிறுவனத்திடமிருந்து மறைத்ததை விபிஎன்காரரிடம் கொடுத்திருக்கிறீர்கள். ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ‘ஒனாவோ’வும் பாதுகாப்பு தரும் இலவசச் செயலி என்றுதான் வந்தது. யார் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்ற விவரமெல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போனது. இதைப் பயனாளரிடம் சரியாகச் சொல்லாததற்கு 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ‘ஹோலா’ என்ற இலவச விபிஎன், பயனாளரின் இணைய இணைப்பையே வெளியாருக்கு விற்றது. சர்வருக்கு மாதாமாதம் வாடகை உண்டு. அதை யார் கட்டுகிறார் என்று தெரியாவிட்டால் செயலியை இன்றே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: காசு கட்டும்போதே என் பெயர் போய்விடுகிறதே, அப்புறம் என்ன ரகசியம்?
– தேங்காய் வியாபாரி, கடமலைக்குண்டு

பதில்: இந்தத் தொழிலின் முடிச்சே அதுதான். வாடிக்கையாளர் யாரென்று தெரியாமல் வசூல் செய்ய வேண்டும். சுவீடனின் ‘முல்வாட்’ விபிஎன் பெயரும் கேட்பதில்லை, மின்னஞ்சலும் கேட்பதில்லை. ஓர் எண் தருகிறது. மாதம் 5 யூரோ. உறையில் ரொக்கம் வைத்து அனுப்பினாலும் சரி. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாவை 2022-ல் கைவிட்டது, அதற்கு வாடிக்கையாளர் விவரத்தைச் சேமிக்க வேண்டியிருந்ததால். வருகிற வருமானத்தை வேண்டாமென்ற முடிவு அது. 2023-ல் போலீஸ் சோதனைக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியது. எடுத்துப்போக அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: பெரிய விபிஎன் கம்பெனிகள் இந்தியாவிலிருந்து சர்வரை ஏன் எடுத்தன?
– ஆசிரியர், ஆண்டிபட்டி

பதில்: வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் எல்லாவற்றையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. விவரம் வைத்திருக்க மாட்டோம் என்பதுதான் அவர்கள் விற்கும் சரக்கு. எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட் விபிஎன், புரோட்டான் ஆகியவை இங்கிருந்த சர்வர்களை அகற்றின. எக்ஸ்பிரஸ், சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வர் வைத்து இந்திய ஐபி முகவரி தந்தது. குற்றவாளியைப் பிடிக்க எல்லாருடைய விவரத்தையும் 5 ஆண்டு குவித்து வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: யோக்கியனுக்கு எதற்கு மறைவு?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தேனி

பதில்: எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில், அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் யாரிடம் கேட்பாள்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: இந்த மறைப்புத் தொழிலை லாபமாக நடத்தவே முடியாதா?
– செல்போன் கடைக்காரர், சின்னமனூர்

பதில்: சிலர் நடத்துகிறார்கள், ஆனால் கடினம். கனடாவின் ஜீரோ நாலெட்ஜ் நிறுவனம் ‘ஃப்ரீடம்’ என்ற அடையாளம் மறைக்கும் சேவையை நடத்திக் கட்டுப்படியாகாமல் 2001-ல் மூடியது. அடையாளம் தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் டார் வலையமைப்பு தன்னார்வலர்களின் கணினிகளில் ஓடுகிறது. சிக்னல் என்ற செய்திச் செயலியை நடத்துவது லாப நோக்கற்ற அறக்கட்டளை. அந்த அறக்கட்டளை 2018-ல் வாட்ஸ்அப் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் தந்த 5 கோடி டாலரில் தொடங்கியது. சிக்னலைப் பயன்படுத்துகிறவர்கள், முடிந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதற்கு நன்கொடை கொடுங்கள்.