சாரல் காலத்தில் சிறகு வேண்டாம்

கே: கேரளத்து சஜி தாமஸ் தன் கையால் செய்த குட்டி விமானம் நம்ம மணிமுத்தாறில்தான் பறந்ததாமே! எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆபத்து அதிகமா, சார்?
(மெக்கானிக்கல் மாணவர், புளியங்குடி)

ப: ஆசைப்படுங்கள் தம்பி, அவசரப்படாதீர்கள். காது கேளாத, வாய் பேசாத சஜியின் விமானம் 2014-ல் பறந்தபோது துணை நின்றவர், விமானப்படையில் ஓய்வுபெற்ற விங் கமாண்டர். அந்தத் துணைதான் முக்கியம்!

இந்தக் குட்டி விமானங்கள் பலவற்றுக்கு டூ ஸ்ட்ரோக் இன்ஜின். திடீரென நின்றுபோகலாம் என்று இன்ஜின் தயாரிக்கும் ரோட்டாக்ஸ் கம்பெனியின் கையேடே எச்சரிக்கிறது. கனமான விமானம் என்றால் உந்துவேகத்தில் கொஞ்ச தூரம் போகும். இதுவோ எடை குறைந்தது, இன்ஜின் நின்ற கணமே வேகம் செத்துவிடும். உடனே மூக்கைத் தாழ்த்தி, எதிரே தெரிகிற வயலில் இறக்க வேண்டும். 'ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம்' என்று தாழ்வான உயரத்தில் வளைத்தவர்கள்தான் விழுந்து உயிரை விட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலோ காற்று இன்னொரு எமன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து மலையேறி வரும் காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது சுருண்டு புரளும். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். குட்டி விமானத்துக்கோ அடி மேல் அடி. குற்றாலத்தில் சீசன் என்றால் விமானத்துக்கு லீவு விடுங்கள்!

முதலில் பயிற்சியாளரோடு இரட்டை இருக்கை விமானத்தில் கற்றுக்கொண்டு உரிமம் வாங்குங்கள். சொந்தமாகச் செய்வது பற்றி அப்புறம் எழுதுங்கள், விரிவாகவே பேசுவோம்.